கரையான் புற்றுக்குள் தோட்டம் கண்ட தரங்கம்பாடி டாக்டர்

மழை விட்ட மாலை வேளையில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தால் அந்தமான் தமிழர் வீடுகளில் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். வீட்டுக்காரருக்கு மட்டும் முகம் மாறும். நிலைப்படியையும் சட்டங்களையும் விரலால் தட்டிப் பார்க்கத் தொடங்குவார். மரத் தூண், மரச் சுவர், மேலே தகரம் என்று வீடு கட்டிப் பழகிய தீவுகளில் கரையானுக்கு இருக்கும் மரியாதை வேறெந்த ஜந்துவுக்கும் கிடையாது. படாக் மரத்தின் வயிரப் பகுதியை அது சுலபத்தில் தொடாது. மற்ற மரங்களில் பலவும் அதற்கு விருந்துதான்.

இந்தச் சிறு ஜந்துவின் வாழ்க்கையைத் தென்னிந்திய மண்ணில் முதன்முதலாக முறைப்படி ஆராய்ந்து எழுதியவர் ஒரு டாக்டர். நிக்கோபார்த் தீவுகளின் மீது உரிமை கொண்டாடிய டென்மார்க்காரர்கள் எந்த ஊரிலிருந்து அந்தத் தீவுகளை நிர்வகிக்கப் பார்த்தார்களோ, அதே ஊரில் உத்தியோகம் பார்த்தவர். ஊர் தரங்கம்பாடி. டாக்டரின் பெயர் யோகான் கெர்ஹார்ட் கோனிக். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அவர் பெயர் நம் சமையலறையில் தினமும் தாளிக்கப்பட்டு வருகிறது. அது எப்படி என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

பனி நாட்டிலிருந்து வெயில் நாட்டுக்கு

கோனிக் பிறந்தது 1728ஆம் ஆண்டு, பால்டிக் கடலோரத்து லிவோனியாவில். இன்று அந்தப் பகுதி லாட்வியா நாட்டில் இருக்கிறது. 1757ல் அவர் ஸ்வீடனுக்குப் போய் லின்னேயஸிடம் மாணவராகச் சேர்ந்தார். செடிகொடிகளுக்கும் விலங்குகளுக்கும் இரண்டு சொற்களில் பெயர் வைக்கும் முறையை உலகத்துக்குக் கொடுத்தவர் அந்த லின்னேயஸ்தான். தம் மாணவர்களைத் திசைக்கு ஒருவராகக் கப்பலேற்றி விடுவது அவர் வழக்கம். போன இடத்தில் ஜுரம் கண்டு மாண்டவர்கள் அவர்களில் பலர். இருந்தும் அடுத்த கப்பலுக்கு ஆள் காத்துக்கொண்டிருந்தது. புதிய செடி ஒன்றைக் கண்டுபிடித்து ஆசிரியரிடம் காட்டுவதில் அந்தக் காலத்து இளைஞர்களுக்கு இருந்த வெறி அப்படிப்பட்டது.

லின்னேயஸிடம் பாடம் கேட்ட பிறகு கோனிக் டென்மார்க்கில் சில வருஷங்கள் தங்கினார். டென்மார்க் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளின் தாவரங்களையெல்லாம் படத்தோடு பதிப்பிக்கும் பெரிய வேலை அப்போது தொடங்கியிருந்தது. அதற்காக அவர் 1764ல் ஐஸ்லாந்துக்கு அனுப்பப்பட்டார். எரிமலையும் பனியும் கலந்த அந்தத் தீவில் அவர் கண்டெடுத்த ஒரு செடி, விரல் உயரம்கூட எட்டாத பூண்டு. லின்னேயஸ் அதற்கு மாணவரின் பெயரையே சூட்டி கோனிகியா என்று அழைத்தார். அழியாத பெயர் கிடைத்துவிட்டது. வயிற்றுப்பாட்டுக்கு வழி கிடைத்ததா என்றால், அதுதான் இல்லை.

1767ல் தரங்கம்பாடி மிஷனுக்கு ஒரு வைத்தியர் தேவைப்பட்டார். கோனிக் ஒப்புக்கொண்டார். கப்பல் நன்னம்பிக்கை முனையில் நின்றபோது இறங்கிச் செடி சேகரித்து ஆசிரியருக்கு அனுப்பினார். 1768ல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்.

தரங்கம்பாடியின் வரலாறு தமிழர்களுக்குப் புதிதல்ல. 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1706ல் சீகன்பால்கு வந்தார், தமிழ் கற்றார், தமிழில் அச்சுக்கூடம் நடத்தினார். கோனிக் வந்தபோது இதெல்லாம் பழங்கதையாகி, ஊர் அமைதியான ஒரு சிறு வியாபாரத் துறைமுகமாக இருந்தது.

நிக்கோபார் என்னும் ஜுரத் தீவு

அந்த ஊரிலிருந்த டென்மார்க்காரர்களுக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. வங்காள விரிகுடாவின் மறுகரையோரத்தில், மலாக்கா ஜலசந்திக்குப் போகும் கப்பல்களின் வழியில் நிற்கும் நிக்கோபார்த் தீவுகளைத் தங்கள் குடியேற்றமாக்குவதே அந்த ஆசை. 1756ல் தீவுகளுக்குத் தங்கள் மன்னரின் பெயரை வைத்தார்கள். பெயர் வைப்பது சுலபமாக இருந்தது, குடியிருப்பதுதான் முடியவில்லை. போனவர்களைக் காட்டு ஜுரம் வாரிக்கொண்டு போயிற்று.

கோனிக் தரங்கம்பாடிக்கு வந்த அதே 1768ல் மொரேவிய சகோதரர்கள் எனப்படும் கிறிஸ்தவக் குழுவினர் நான்கவுரியில் போய்த் தங்கினார்கள். தரங்கம்பாடிக்கு வெளியே தோட்டம் அமைத்துக்கொண்டு, தச்சும் கொல்லும் நெசவும் செய்து பிழைத்த உழைப்பாளிகள் அவர்கள். அவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்ததே நிக்கோபாருக்குப் போவதற்காகத்தான். ஒருவர் இறந்தால் தரங்கம்பாடியிலிருந்து இன்னொருவர் போவார். இப்படிப் பத்தொன்பது வருஷங்கள் போராடிவிட்டு, 1787ல் கைவிட்டுத் திரும்பினார்கள். கடைசிவரை தங்கியிருந்த ஹென்சல் என்பவர் எழுதிய கடிதங்கள் 1812ல் லண்டனில் அச்சாயின. தீவிலே கிடைக்கும் சிப்பிகளையும் மற்ற இயற்கை விசித்திரங்களையும் திரட்டி அனுப்புவது அவர்களுக்கு ஒரு வருமான வழியாக இருந்த விவரத்தை அவற்றில் காணலாம். அரிசிக்கும் துணிக்கும் சிப்பி விற்ற காலம் அது.

தரங்கம்பாடியில் அத்தகைய பொருள்களுக்கு மதிப்பு இருந்தது. அங்கே ஒரு சிறு கூட்டம் செடி, பூச்சி, மீன், சிப்பி என்று பைத்தியமாக அலைந்து கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஆசானாக விளங்கியவர் கோனிக். மிஷனரிகளான ஜான், ராட்லர் ஆகியோருக்குத் தாவர இயல் ஆர்வம் பரவியது அவர் மூலமாகத்தான். ராட்லர் பின்னாளில் தமிழ் அகராதி தொகுத்தவர் என்பதைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள்.

கறிவேப்பிலைக்கு வந்த பெயர்

வைத்தியராக வந்தவர் நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் வயல்வெளியில் இருந்தார். செடிகளை உலர்த்தி, விவரம் எழுதி, ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அப்படிப் போனவற்றில் ஒன்று நம் கறிவேப்பிலை. 1771ல் லின்னேயஸ் அதைத் தம் நூலில் சேர்த்தபோது, பெயரின் இரண்டாவது சொல்லாகக் கோனிகியை என்று வைத்தார். 1825ல் ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானியர் அதை வேறு பேரினத்தில் சேர்த்து முதல் சொல்லை முர்ராயா என்று மாற்றினார். இப்போது தாவர இயலார் பலர் லின்னேயஸ் கொடுத்த பழைய முதல் சொல்லான பெர்கெராவுக்கே திரும்பியிருக்கிறார்கள். இத்தனை மாற்றத்திலும் டாக்டரின் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. ஐஸ்லாந்தின் குளிர்ப் பூண்டிலும் தஞ்சாவூர்ச் சாம்பாரிலும் ஒரே மனிதரின் பெயர்!

உள்ளூர் மருந்துகளிலும் அவருக்கு ஈடுபாடு அதிகம். ஒரு நாட்டில் வழக்கமாக வரும் நோய்களுக்கு அந்த நாட்டு மருந்துகளுக்கு உள்ள ஆற்றலைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக்கு 1773ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. அப்போது அவர் தமிழ்நாட்டில்தான் இருந்தார். இங்கிலீஷ் மருந்துதான் மருந்து என்ற எண்ணம் பின்னாளில் நம்மவர்களிடமே வேரூன்றியதை நினைத்தால், அந்த அந்நியரின் பார்வை வியப்பாகத்தான் இருக்கிறது.

புற்றை வெட்டிப் பார்த்தபோது

இலைகளை உலர்த்திக் காகிதத்தில் பதித்து வைப்பவருக்குக் கரையானைவிடப் பெரிய எதிரி இருக்க முடியாது. ஓலைச்சுவடி, புத்தகம், பெட்டி, கூரை எதையும் அது விட்டு வைப்பதில்லை. ராத்திரியில் நுழைந்து உள்ளே தின்றுவிட்டு வெளித்தோலை மட்டும் மிச்சம் வைக்கும் திருட்டுப் பிராணி. வேறு யாராக இருந்தாலும் சுண்ணாம்பைக் கொட்டிவிட்டுச் சபித்திருப்பார்கள். கோனிக் மண்வெட்டியோடு புற்றைத் தேடிப் போனார்.

அக்காலத்து ஐரோப்பாவில் கரையானைப் பற்றிய அறிவு மிகக் குறைவு. அதை வெள்ளை எறும்பு என்றே அழைத்தார்கள். உண்மையில் அது எறும்பே அல்ல. கரப்பான் பூச்சிக்குத்தான் நெருங்கிய உறவு என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. கரப்பானைக் கண்டால் செருப்பைத் தேடும் வீட்டில் கரையானும் அதே குடும்பம் என்று தெரிந்தால் கோபம் இரட்டிப்பாகும்.

தஞ்சைச் சீமையின் செம்மண் புற்றுகளைக் கோனிக் அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தார். வெளியே கல் போன்ற சுவர். உள்ளே வளைந்து வளைந்து செல்லும் நடைகள். நடுவில் கெட்டியான களிமண்ணால் ஆன அறை. அதற்குள் நகர முடியாமல் வயிறு பெருத்துக் கிடக்கும் ராணி. அவளுக்குப் பக்கத்தில் ராஜா. சுற்றி வேலைக்காரர்கள், காவலுக்குப் படைவீரர்கள். ஈசல் எப்போது கிளம்புகிறது, இரை தேட எப்படிப் போகிறது, கூடு எப்படி எழும்புகிறது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

அறைகளுக்குள் அவர் இன்னொன்றையும் கண்டார். பழுப்பு நிறத்தில், தேன்கூடு போலவும் கடற்பஞ்சு போலவும் துளைகள் நிறைந்த உருண்டைகள். அவற்றின் மேல் கடுகளவு வெள்ளை மணிகள் ஒட்டியிருந்தன. அவை காளான். இருட்டான புற்றுக்குள், வெளிக்காற்றுப் படாத இடத்தில், ஒரு காளான் தோட்டம்!

கிராமத்துத் தமிழர்களுக்குப் புற்றுக்கும் காளானுக்கும் உள்ள தொடர்பு தெரியாததல்ல. மழைக்குப் பின் புற்றின் மேல் குடை விரிக்கும் புற்றுக்காளானைப் பறித்துக் குழம்பு வைப்பது தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். ஆனால் புற்றுக்குள்ளே இருப்பதை எழுத்தில் கொண்டுவந்து உலகத்து அறிஞர்கள் முன் வைத்த முதல் மனிதராகப் பூச்சியியல் வரலாறு கோனிக்கைத்தான் குறிப்பிடுகிறது. அவர் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரை 1779ல் பெர்லின் இயற்கை ஆராய்ச்சி நண்பர்கள் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. ஆப்பிரிக்கக் கரையான்களைப் பற்றி ஸ்மீத்மன் என்ற ஆங்கிலேயர் எழுதிப் பெரும் புகழ் பெற்ற கட்டுரை வெளிவந்தது 1781ல்தான். ஆனாலும் பெயர் பரவியது ஸ்மீத்மனுக்கு. லண்டன் ராயல் சங்கத்தின் இதழில், ஆங்கிலத்தில், அழகான படங்களோடு வந்தது அது. கோனிக்கின் கட்டுரை படித்தவர்களுக்கு மட்டும் தெரிந்ததாக நின்றுவிட்டது. 1921ல் பீகாரின் பூசாவில் நடந்த பூச்சியியல் மாநாட்டின் வெளியீட்டில்தான் பிளெச்சர் என்ற அதிகாரி அதை ஆங்கிலத்தில் தந்தார். கட்டுரை தமிழ் மண்ணிலிருந்து புறப்பட்டு ஆங்கிலத்தில் இந்தியாவுக்குத் திரும்பி வர 142 வருஷங்கள் ஆயின.

ஈசல் பிடிக்கும் வித்தை

அந்தக் கட்டுரையில் நம் மக்களைப் பற்றிய பகுதி சுவையானது. ஈசல் கிளம்புவதற்கு முன்பே அதைப் பிடிக்கும் வித்தையை அவர் விவரித்திருக்கிறார். புற்றில் இரண்டு ஓட்டைகள் போட வேண்டும். ஒன்று காற்று வரும் பக்கம், மற்றது காற்று போகும் பக்கம். போகும் பக்கத்து ஓட்டையில் வாசனைத் தழை தேய்த்த பானையைப் பொருத்த வேண்டும். வரும் பக்கத்தில் நாற்றமெடுக்கும் பொருள்களைப் போட்டுப் புகை மூட்ட வேண்டும். புகைக்குப் பயந்து ஈசல் கூட்டம் கூட்டமாகப் பானைக்குள் வந்து விழும். அதை மாவோடு சேர்த்துப் பணியாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்பார்கள் என்று அவர் எழுதினார். கிழவர்களின் முதுகு வலுப்பெற ராணிக் கரையானை உயிரோடு விழுங்கக் கொடுக்கும் வழக்கத்தையும் குறித்து வைத்தார்.

தமிழ்நாட்டில் ஈசலுக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. பாரியின் பறம்பு மலையைப் பாடிய கபிலரே புற்று ஈசலும் மோரும் சேர்ந்த உணவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இன்றும் பல கிராமங்களில் ஈசலைச் சிறகு நீக்கி வறுத்து, பொரியரிசியோடு சேர்த்துத் தின்பவர்கள் இருக்கிறார்கள்.

வைத்தியர் அல்லவா, கோனிக் ஒரு எச்சரிக்கையும் சேர்த்தார். ஈசல் மலிந்த காலத்தில் அளவு மீறித் தின்பவர்களுக்குக் கடும் வயிற்று வலியும் சீதபேதியும் பரவி, சில மணி நேரத்தில் உயிர் போவதும் உண்டு என்றார். அது ஈசலின் குற்றமா, மழைக்காலத்துத் தண்ணீரின் குற்றமா என்று இன்று கேட்கத் தோன்றும். கிருமிகளைப் பற்றிய அறிவு பிறக்க அப்போது இன்னும் நூறு வருஷங்கள் இருந்தன.

கூட்டாளி இல்லாமல் கரையான் இல்லை

கோனிக் பார்த்த காளான் தோட்டத்தின் முழு ரகசியம் பின்னால்தான் துலங்கியது. மரத்தையும் சருகையும் கரையான் தின்கிறது என்கிறோம். ஆனால் மரத்தை மரமாக்கும் நாரையும் பசையையும் செரிப்பது லேசான காரியமல்ல. புற்றுக் கரையான்கள் அந்த வேலையைக் காளானிடம் ஒப்படைத்துவிட்டன. வேலைக்காரக் கரையான் சருகை மென்று விழுங்கும். அரைகுறையாகச் செரித்து வெளிப்படும் அந்தக் கழிவைக் கொண்டு தேன்கூடு போன்ற தட்டுகளைக் கட்டும். அதில் காளான் படர்ந்து நாரைச் சிதைக்கும். சத்து நிறைந்த வெள்ளை மணிகளும், பக்குவப்பட்ட பழைய தட்டும் கரையானுக்கு உணவு. காளானுக்கோ இருப்பிடம், ஈரம், மாறாத சூடு, தடையில்லாத தீனி. களை எடுக்கவும் ஆள் உண்டு. கரையான்கள் இருக்கும்வரை வேறு காளான்கள் அந்தத் தோட்டத்தில் தலையெடுப்பதில்லை. புற்று பாழானால் சில நாளில் தட்டு முழுவதும் வேறு காளான் மூடிவிடும். இந்தக் கூட்டு விவசாயம் ஆப்பிரிக்காவில் சுமார் 3 கோடி வருஷங்களுக்கு முன் தொடங்கியதாக இன்றைய மரபணு ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மனிதன் ஏர் பிடித்து இன்னும் முழுதாக 10,000 வருஷம்கூட ஆகியிருக்காது.

இலங்கையில் பேராதனையில் பணியாற்றிய பெட்ச் என்பவர் 1906ல் இந்தக் காளான்களைப் பற்றி விரிவாக எழுதினார். 1942ல் ரோஜர் ஹைம் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இவற்றுக்கு டெர்மிடோமைசிஸ் என்று தனிப் பேரினப் பெயர் கொடுத்தார். 1979ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன், தென்னிந்தியப் புற்றுக்காளான் ஒன்றைப் புதிய இனமாக விவரித்து அதற்கு ஹைமின் பெயரைச் சூட்டினார். கோனிக்கின் கட்டுரை வெளிவந்து அப்போது சரியாக 200 வருஷங்கள்.

எல்லாக் கரையானும் தோட்டம் போடுவதில்லை. புற்றே கட்டாமல் மரத்துக்குள்ளேயே குடியிருந்து மரத்தையே தின்னும் வகைகளும் உண்டு. அந்தமானின் பெயரையே தாங்கி 1933ல் விவரிக்கப்பட்ட நியோடெர்மிஸ் அந்தமானென்சிஸ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இவற்றின் தோட்டம் வயிற்றுக்குள் இருக்கிறது. குடலில் ஆயிரக்கணக்கான ஒற்றை உயிரணு ஜீவிகள் நீந்திக்கொண்டிருக்கும். மரத்தைச் செரிப்பது அவையே. 1920களில் அமெரிக்காவில் கிளீவ்லண்ட் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். கரையான் தாங்கக்கூடிய, ஆனால் குடலிலுள்ள ஜீவிகள் தாங்காத அளவு சூட்டில் அவற்றை வைத்தார். ஜீவிகள் மடிந்தன. கரையான்கள் பிழைத்து, வழக்கம்போல் மரத்தைத் தின்றன. இரண்டு மூன்று வாரங்களில் வயிறு நிறைந்த நிலையிலேயே பட்டினியால் செத்தன. மீண்டும் அந்த ஜீவிகளைக் குடலில் சேர்த்த கரையான்கள் மட்டும் உயிர் வாழ்ந்தன.

ஆல்டிரின் போன்ற கொடிய விஷங்களை மண்ணில் ஊற்றிக் கரையானை ஒழிக்கப் பார்த்த காலம் போய், அந்த மருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. பூச்சியை விட்டுவிட்டு அதன் கூட்டாளியைக் குறி வைத்தால் என்ன என்ற யோசனை இப்போது ஆராய்ச்சிக்கூடங்களில் இருக்கிறது. கரும்பும் நிலக்கடலையும் பயிரிடும் தமிழ்நாட்டு விவசாயிக்கும், மரவீட்டில் குடியிருக்கும் தீவுக்காரருக்கும் அதில் அக்கறை உண்டு.

பணத்தைத் தேடி

கோனிக்கின் கதைக்குத் திரும்பலாம். மிஷன் கொடுத்த சம்பளம் அவருடைய பயணங்களுக்குப் போதவில்லை. செடி தேடி வெகுதூரம் போக வேண்டும், கூலி ஆள் வேண்டும், காகிதம் வேண்டும். 1774ல் மிஷனை விட்டு ஆற்காட்டு நவாப் முகமது அலியிடம் இயற்கை ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். ஆங்கிலேயர்களிடம் பட்ட கடனில் நவாபே கழுத்தளவு மூழ்கியிருந்த காலம் அது. அவரிடம் போய்ப் பொருள் தேடியதை என்னவென்று சொல்வது! ஆனால் நவாபின் ஆள் என்ற தகுதியில் சென்னைக்கு வடக்கே உள்ள மலைகளிலும் இலங்கையிலும் சுற்ற முடிந்தது. மரப்பாசியைத் தேடி வரிசையாக வெட்டவெளியில் நடக்கும் இலங்கையின் கறுப்புக் கரையானுக்கு அவர் வைத்த இனப்பெயர் இன்றும் செல்லும். தென்னிந்தியாவின் பெரிய புற்றுக் கரையான் ஒன்றுக்கும் அவர் வைத்த பெயரே நிலைத்திருக்கிறது. வலிப்பு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது.

1778ல் சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தன் ஊழியத்தில் எடுத்துக்கொண்டது. கம்பெனிக்கு வேண்டியது வியாபாரத்துக்கு உதவும் செடிகொடிகள். கோனிக்குக்கு வேண்டியது கப்பல். அந்த வருஷமே வங்காள விரிகுடாவைக் கடந்து சயாம், புக்கெட் தீவு, மலாக்கா என்று இரண்டு வருஷம் அலைந்தார். கம்பெனிக்குப் பெரிய லாபம் ஏதும் கிடைத்ததாகத் தெரியவில்லை. இஞ்சி, மஞ்சள் இனத்துச் செடிகளைப் பற்றியும் ஆர்க்கிட் மலர்களைப் பற்றியும் அவர் புதிய இடத்தில் உட்கார்ந்து எழுதிய விவரங்கள்தான் மிச்சம். அவையும் அவர் கையால் அச்சேறவில்லை. ஸ்வீடனிலிருந்த ரெட்சியஸ் தம் நூலில் சேர்த்து வெளியிட்டார். அவர் அனுப்பிய பூச்சிகளுக்குப் பெயரிட்டு வெளியிட்டவர் பாப்ரிசியஸ். செடிகளை வெளியிட்டவர்கள் லின்னேயஸும் அவர் மகனும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறியது என்று சொல்லத் தோன்றும். ஆனால் இவர் விஷயத்தில் அது அநியாயப் பழியாகிவிடும். கேட்டவர்களுக்கெல்லாம் தாமே எடுத்துக் கொடுத்தவர் அவர். வாங்கியவர்களும் பெரும்பாலும் அவர் பெயரைச் சொல்லியே வெளியிட்டார்கள்.

அச்சுக்குப் போகும் நூலாக ஒன்றையும் முடிக்காததுதான் அவருடைய குறை. ஒரு செடியை எழுதி முடிப்பதற்குள் அடுத்த செடி கண்ணில் பட்டுவிடும். ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து எழுதும் நாள் வரும் என்று நினைத்திருக்கலாம். அவர் திரும்பவே இல்லை.

கோதாவரிக் கரையில்

1776ல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து டாக்டர் வில்லியம் ராக்ஸ்பர்க் அவருக்கு நெருங்கிய நண்பரானார். கோனிக் வயதில் மூத்தவர், ராக்ஸ்பர்க் இளைஞர். தென்னிந்தியத் தாவரங்களை அடையாளம் காண ராக்ஸ்பர்க்குக்கு வழிகாட்டியவர் கோனிக். இந்தியத் தாவர இயலின் தந்தை என்று பின்னாளில் ராக்ஸ்பர்க்கைக் கொண்டாடுகிறவர்கள் அந்த வழிகாட்டியை அநேகமாக மறந்துவிடுகிறார்கள்.

1784ல் கல்கத்தா போகும் நோக்கத்தோடு கோனிக் வடக்கே புறப்பட்டார். வழியில் விசாகப்பட்டினத்தில் பேட்ரிக் ரஸ்ஸலையும், கோதாவரிப் பகுதியில் சாமல்கோட்டையிலிருந்த ராக்ஸ்பர்க்கையும் சந்தித்தார். உடம்பு ஏற்கனவே தளர்ந்திருந்தது. பதினேழு வருஷ வெயிலும் மழையும் காட்டு வழியும் சும்மா விடவில்லை. சீதபேதி கண்டது. ஈசல் பணியாரத்தைப் பற்றி எழுதும்போது எந்த நோயைக் குறித்து எச்சரித்தாரோ அதே நோய். காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாயகபுரத்தில் ராக்ஸ்பர்க் பக்கத்திலிருந்து சிகிச்சை செய்தும் பலன் இல்லை. 1785 ஜூன் 26 அன்று கோனிக் காலமானார். வயது 56.

எழுதிக் குவித்த காகிதங்களை லண்டனிலிருந்த சர் ஜோசப் பாங்க்ஸுக்குச் சேர்க்கும்படி எழுதி வைத்திருந்தார். அப்படியே கப்பலேறின. வெப்ப நாட்டில் இருந்திருந்தால் எந்தப் பூச்சியை அவர் ஆராய்ந்தாரோ அதுவே தின்று தீர்த்திருக்கும். சயாம் பயணக் குறிப்பு 1894ல் சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் அச்சாயிற்று. கம்பெனி உத்தியோகம் ரஸ்ஸலுக்குப் போயிற்று. 1795ல் வெளிவரத் தொடங்கிய ராக்ஸ்பர்க்கின் சோழமண்டலக் கரைத் தாவர நூலுக்கு ரஸ்ஸல் எழுதிய முன்னுரையில் கோனிக்கின் வாழ்க்கை இடம் பெற்றது. இன்று அவரைப் பற்றித் தெரிந்ததில் ஒரு பகுதி அதிலிருந்துதான் கிடைக்கிறது.

டென்மார்க்காரர்கள் 1845ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயர்களுக்கு விற்றார்கள். நிக்கோபாரின் மீதிருந்த உரிமையை 1868ல் விட்டுக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் ஆங்கிலக் கொடி நான்கவுரியில் ஏறியது. 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து இப்போது கப்பலில் நான்கவுரிக்குப் போகிறவர்களுக்கு மொரேவியரின் பெயரோ டென்மார்க்கின் பெயரோ ஞாபகத்துக்கு வருவது அபூர்வம். மழை விட்டதும் தரங்கம்பாடியைச் சுற்றியுள்ள புற்றுகளிலிருந்து ஈசல் மட்டும் அன்றுபோலவே இன்றும் கிளம்பிக்கொண்டிருக்கிறது.